யாராவது கண்டா?

லீவுக்கு ஊருக்கு வந்திருந்தோம். வண்ணாத்திவில்லிலிருந்து புத்தளம் போற பஸ்ஸில, கடைசி சீட்டில நாங்கள் மூன்று பேர். எங்களில் ஒருத்தன் மெல்லச் சொன்னான்: “மச்சான், எச்.ஐ.வி. டெஸ்ட் ஒண்டு செய்யணும்.”

“ஏன், என்ன நடந்த?” என்று நாங்கள் கேட்கவில்லை. “கிளினிக் வாசலில யாராவது கண்டா?” என்றுதான் கேட்டோம். நோயைவிட ஊர் வாய்க்குத்தான் எங்களுக்குப் பயம்.

அந்தப் பயம் சும்மா வந்ததில்லை. ஸ்கூலில் அந்தப் பாடம் வந்தபோது, “வீட்டில வாசிச்சுக்கொள்ளுங்க” என்று பக்கத்தைப் புரட்டிவிட்டார்கள். மைதானத்தில் ‘எய்ட்ஸ்காரன்’ என்பது எங்களுக்கு ஒரு ஏச்சு. நாங்களும்தான் ஏசினோம்.

எங்கட வடமேல் மாகாணத்திலேயே, குளியாப்பிட்டியில், 2016இல் ஒரு சின்னப் பையனைப் பள்ளிக்கூடத்தில் இருக்க விடவில்லை. தகப்பன் எய்ட்ஸில் இறந்தார் என்று ஒரு வதந்தி. மற்றப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை அனுப்ப மறுத்தார்கள். விஷயம் உயர் நீதிமன்றம் வரை போனது. கடைசியில் கண்டி திரித்துவக் கல்லூரி அவனைச் சேர்த்துக்கொண்டது. அவனுக்கு எச்.ஐ.வி. இருக்கவில்லை.

இதை வாசித்தபோது, “பாவம், இல்லாத பிள்ளைக்கு இப்படியா!” என்றோம். பிறகுதான் உறைத்தது. இருந்திருந்தால் மட்டும் விரட்டியது சரியாகிவிடுமா?

ஒரே சஹனில் சாப்பிட்டால், கை கொடுத்தால், ஒரே வாங்கில் இருந்தால் இது தொற்றாது. மருந்தை ஒழுங்காக எடுத்து, இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவாலும் பரவாது. அரச கிளினிக்குகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டதாக 2019இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. மருத்துவம் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. நாங்கள்தான் வாசலில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு நிற்கிறோம். ஆணுறை, டெஸ்ட், மருந்து எல்லாம் இருந்தும், வெட்கம் வழியை மறித்தால் தடுப்பு எங்கிருந்து வரும்?

கேம்பஸ் திரும்பியதும் கிளினிக் போனோம். மூன்று பேரும் போனோம், மூன்று பேரும் இரத்தம் கொடுத்தோம். யாருக்காகப் போனோம் என்று கண்டவர்களுக்குத் தெரியாது.

முடிவு என்ன என்று கேட்காதீங்க. அது எங்கட விஷயம். என்னவா இருந்தாலும், அடுத்த லீவுக்கும் அதே பஸ்ஸில, அதே கடைசி சீட்டில மூன்று பேரும்தான் வருவோம்.