உம்மா கேட்ட காளான்

ஐப்பசி மழையோடு இரவெல்லாம் இடி முழங்கினால், மறுநாள் ஃபஜ்ர் தொழுததும் காளான் தேடிப் புறப்படுவது எங்கள் குடும்ப வழக்கம். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், காப்புக்காட்டின் எல்லைக்கு இப்பால், மரங்கள் அடர்ந்த மேட்டு நிலம் ஒன்று உண்டு. அங்கே கறையான் புற்றுகளைச் சுற்றிப் புற்றுக்காளான் முளைக்கும். இம்முறை, "எனக்குன்னு நாலு காளான் தனியா எடுத்து வாங்க" என்று உம்மா சொல்லியனுப்பினார்கள். காரணம் கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை.

புற்றுக்காளானை இனங்காண எங்களுக்குக் கற்பித்தவர்களே உம்மாதான். குடையின் நடுவே கூர்முனை இருக்கும். காம்பு வேர்போல மண்ணுக்குள் நீண்டு, கறையான்கள் வளர்க்கும் பூஞ்சைத் தோட்டம் வரை இறங்கும். அவை மென்று சேர்க்கும் இலைச் சருகிலும் மரத்துகளிலும் அப்பூஞ்சை விளைகிறது. அதுவே அவற்றுக்கு உணவு. சுப்ஹானல்லாஹ், சின்னஞ்சிறு பூச்சிக்கு எப்பேர்ப்பட்ட வேளாண்மை! குச்சியால் மண்ணைத் தளர்த்தி, வேர் முறியாமல் எடுத்தோம். இளைய மகன் புல்வெளியிலிருந்து பெரிய வெள்ளைக் குடைகள் இரண்டைப் பறித்து வந்தான். அவற்றின் அடிமடிப்புகளில் பச்சை படர்ந்திருந்தது. தின்றவரை வாந்தியும் பேதியும் வீழ்த்திவிடும் வகை அது, தூர எறிந்தோம்.

வீட்டில் உம்மா வெள்ளைத் துணியோடு காத்திருந்தார்கள். காளானைப் பிழிந்து, சாற்றைத் தம் கண்ணில் விடவேண்டுமாம். இரு கண்களிலும் புரை. அறுவை சிகிச்சையை இருமுறை தள்ளிப்போட்டிருந்தார்கள். காளானின் நீர் கண்ணுக்கு நிவாரணம் என்னும் நபிமொழியைப் பெண்கள் பயானில் கேட்டது முதல் இந்த எண்ணம்.

நாங்கள் மறுத்தோம். "ரசூலுல்லாஹ் சொன்னதை நம்ப மாட்டீங்களா?" என்றார்கள். அக்கேள்விக்கு முன் எங்களுக்கு நாவெழவில்லை.

பள்ளிவாசல் இமாமைத் தொலைபேசியில் அழைத்து, அவர் சொன்னதை உம்மாவும் கேட்கச் செய்தோம். ஹதீஸில் வரும் சொல் 'கம்ஆ'. தமிழில் அதைக் காளான் என்று பெயர்த்துவிட்டார்கள். அது அரபுப் பாலைநிலத்தில் மழைக்குப்பின் மண்ணுக்கடியில் உருளைக்கிழங்குபோலத் திரள்வது. குடையும் இல்லை, காம்பும் இல்லை. அதன் நீரையும் தனியே இடுவதா, மருந்தோடு சேர்த்து இடுவதா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அரபியரும் அதை இடியோடு இணைத்தே பேசுவார்கள் என்றபோது மட்டும் உம்மாவின் முகம் சற்று மலர்ந்தது.

பின்னர் ஒன்றும் பேசாமல் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு காளானின் அடியையும் விரலால் தடவினார்கள். ஒன்றைத் தனியே வைத்தார்கள். "இதுக்கு வேர் முறியல வாப்பா, வேரே இல்ல." இன்னும் பச்சை ஏறாத, வெண்மடிப்புகள் கொண்ட இளங்குடை. எப்போது கூடைக்குள் வந்ததென்று மகனுக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. நான்கு கண்கள் பார்த்துத்தான் சுமந்து வந்தோம்.

கூடை முழுவதையும் குப்பையில் கொட்டச் சொல்லிவிட்டார்கள். மிளகும் சின்ன வெங்காயமும் உரித்தது உரித்தபடி கிடக்க, பகலுக்கு முட்டைக் குழம்புதான்.

அஸருக்குப் பின் மருத்துவமனைச் சீட்டை எடுத்துவந்து, தேதியைப் படிக்கச் சொன்னார்கள். இரவு ரியாதிலிருக்கும் தம்பி அழைத்தபோது உம்மா முதலில் கேட்டது, அங்கே கம்ஆ என்ன விலை என்பதைத்தான். கண்ணுக்கா என்றான் தம்பி.

"ஆக்கித் திங்கத்தான்."