ஸ்பிரிண்டுக்குள் ஒரு நாள்

அஜைல் முறையில் வேலை செய்யும் அலுவலகங்களில் மஞ்சள் ஒட்டுத்தாள் ஒட்டாத பலகையைப் பார்ப்பது அபூர்வம். அந்தத் தாள் பிறந்தது அமெரிக்காவின் 3எம் நிறுவனத்தில். வேலை நேரத்தில் 15 சதவீதத்தை ஊழியர்கள் தம் சொந்த யோசனைகளுக்குச் செலவிடலாம் என்ற வழக்கம் அங்கே 1948இலிருந்து இருக்கிறது. 1968இல் ஸ்பென்சர் சில்வர் வலுவான பசை செய்யப் போய், லேசாக ஒட்டி எளிதில் கழன்றுவரும் ஒரு பசையைக் கண்டுபிடித்தார். அதற்கு என்ன பயன் என்று பல ஆண்டுகள் தெரியவில்லை. 1974இல் அவருடைய சக ஊழியர் ஆர்ட் ஃப்ரை, தேவாலயப் பாட்டுப் புத்தகத்தில் தான் வைத்த அடையாளச் சீட்டுகள் விழுந்துகொண்டே இருந்ததால் அந்தப் பசையை நினைத்துக்கொண்டார். ஒட்டுத்தாள் அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்தது 1980இல். ஆக, 12 ஆண்டுகள். நம் ஸ்பிரிண்டோ இரண்டு வாரம்.

சென்னையில் மென்பொருள் குழுக்களை நடத்திவரும் எனக்கு, இந்த இரண்டு காலக்கணக்கையும் ஒரே கூரையின் கீழ் வைப்பதுதான் வேலையிலேயே கடினமான பகுதி. ‘புதுசா ஏதாவது யோசிங்க’ என்று சொல்லாத மேலாளர் இல்லை. ஆனால் அதற்காக எந்த ஸ்டோரியை பேக்லாக்குக்குத் திருப்பி அனுப்பலாம் என்று கேட்டால் கூட்டம் அமைதியாகிவிடும். எதையும் குறைக்காமல் நேரம் கொடுத்தால் அது குழுவின் தலையில் ஏற்றிய கூடுதல் சுமை. அந்த நேரம் இரவு பத்து மணிக்கு மேல்தான் வரும்.

சேவை நிறுவனங்களில் இன்னொரு முடிச்சும் உண்டு. இங்கே மணிக்கணக்கு கிளையண்டுக்கு விற்கப்பட்டுவிட்டது. வெள்ளிக்கிழமை டைம்ஷீட் நிரப்பும்போது, பில் போட முடியாத நான்கு மணிநேரத்தை எந்தக் கோடில் எழுதுவது? கோடு இல்லாத வேலையை யாரும் செய்ய மாட்டார்கள். செய்தாலும் ஒளித்துச் செய்வார்கள். அதனால் நான் முதலில் கேட்டு வாங்குவது அந்தக் கோடைத்தான்.

ஆட்களின் நேரத்தை முழுக்க நிரப்பினால்தான் லாபம் என்று வாதிடுபவர்களுக்கு வரிசைக் கோட்பாட்டின் எளிய கணக்கு ஒன்றை எழுதிக் காட்டுவேன். வேலைகள் ஒழுங்கில்லாமல் வந்து சேரும் இடத்தில் ஒருவர் 80 சதவீதம் மும்முரமாக இருந்தால், ஒரு வேலை காத்திருக்கும் நேரம் அதைச் செய்யும் நேரத்தைப் போல் சராசரியாக 4 மடங்கு. 90 சதவீதமானால் 9 மடங்கு. 95 ஆனால் 19. ஆகவே ஐந்தில் ஒரு பங்கு நேரத்தைத் திறந்து வைப்பது ஊழியர்களுக்குக் காட்டும் தாராளம் ஆகாது. அவசர வேலை வந்தால் கையில் எடுக்க ஆள் இருக்க வேண்டும் என்றாலே அந்த இடைவெளி தேவை.

2000களின் தொடக்கத்தில் லண்டனில் கனெக்ஸ்ட்ரா என்ற நிறுவனம் ‘தங்க அட்டை’ என்றொரு வழக்கத்தை வைத்திருந்தது. ஒவ்வொரு டெவலப்பருக்கும் மாதத்துக்கு இத்தனை அட்டை என்று உண்டு. தான் ஆராய விரும்புவதை அதில் எழுதி, மற்ற வேலைகளோடு சேர்த்தே எடுத்துக்கொள்ளலாம். எனக்குப் பிடித்த ஏற்பாடு இதுதான். ஆய்வு வேலையும் பலகையில் இருக்கிறது, ஸ்டாண்ட்அப்பில் அதைப் பற்றிப் பேசலாம், ஸ்பிரிண்ட் கணக்கில் அதன் இடம் ஏற்கெனவே கழிக்கப்பட்டிருக்கிறது. பெரிய நிறுவனங்கள் பின்பற்றும் சேஃப் முறையில், சில ஸ்பிரிண்டுகளுக்கு ஒருமுறை புதுமைக்கும் திட்டமிடலுக்கும் என்றே ஒரு சுற்று உண்டு. நடைமுறையில் முந்தைய சுற்றுகளில் முடியாமல் வழிந்த வேலைகள் அதை விழுங்கிவிடும். கடைசியில் மிஞ்சும் நேரத்தை ஒதுக்குவோம் என்றால் எதுவும் மிஞ்சாது.

சனிக்கிழமை ஹாக்கத்தான்களை நான் முழு மனதோடு எதிர்க்கிறேன். பீட்சாவும் டீ-ஷர்ட்டும் கொடுத்து ஊழியரின் விடுமுறையை வாங்குகிறார்கள். வீட்டில் கைக்குழந்தை உள்ளவரும், ஊருக்குப் போய் வயதான பெற்றோரைப் பார்க்க வேண்டியவரும் வர முடியாது. அவர்களிடமும் நல்ல யோசனைகள் உண்டு.

எங்கள் குழுவில் ஒரு டெஸ்டர், வேலை நேரத்திலேயே தன் ஆய்வுக்கென்று ஒதுக்கப்பட்ட ஒரு நாளில், இரவு முழுக்க ஓடும் ரெக்ரஷன் டெஸ்ட் ஏன் அவ்வளவு நேரம் எடுக்கிறது என்று மட்டும் பார்த்தார். ஒவ்வொரு டெஸ்டும் ஒரே தரவை முதலிலிருந்து உருவாக்கிக்கொண்டிருந்தது. தரவுத்தளத்தின் நகலை எடுத்துவைத்து அதிலிருந்தே தொடங்கச் செய்தார். இரவு முழுக்க ஓடியது காலை டீக்கு முன் முடியத் தொடங்கியது. இதை எந்த கிளையண்டும் கேட்டிருக்க மாட்டார், எந்த ப்ராடக்ட் ஓனரும் எழுதியிருக்க மாட்டார். வலியைத் தினமும் அனுபவிப்பவருக்குத்தான் அது தெரியும்.

கூகுள் நியூஸும் அப்படி வந்ததுதான். சென்னை ஐஐடியில் படித்த கிருஷ்ண பரத், 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் ஒரே செய்தியைப் பல இதழ்களில் தேடிப் படிக்கும் சிரமத்தைத் தீர்க்க அதை உருவாக்கினார். 2004இல் பங்கு வெளியீட்டின்போது நிறுவனர்கள் எழுதிய கடிதம், ஊழியர்கள் தம் யோசனைகளுக்குச் செலவிடலாம் என்று கூகுள் விட்ட 20 சதவீத நேரத்தில் முளைத்தவற்றுக்கு உதாரணமாக அதைச் சொல்கிறது.

எல்லா முயற்சியும் பலிக்காது. பாதியில் கைவிட்டவரும் டெமோவில் எழுந்து, எங்கே நின்றது என்று காட்டட்டும். அதற்கும் கைதட்டுங்கள். அவருடைய மதிப்பீட்டுப் படிவத்தில் அது குறையாக ஏற வேண்டாம்.

டெலிவரி மேனேஜராக இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஸ்பிரிண்ட் பிளானிங்கில் டிக்கெட்டுகளை எடுப்பதற்கு முன்பே, ஆளுக்கு ஒரு நாளைக் கழித்துவிட்டு உட்காருங்கள். என்ன செய்யப்போகிறார்கள் என்று அந்த ஒரு நாளைக்கு மட்டும் கேட்காதீர்கள்.