மூன்று வயது வரை அம்மாவோடு

அம்பத்தூர் ரயில்வே ஸ்டேஷன். காலை எட்டரை மணிக் கூட்டம். படிக்கட்டு ஓரத்தில் அழுக்குச் சேலையோடு ஒரு பெண், மடியில் தூங்கும் குழந்தை. பார்ப்பவர்களுக்கு என்ன தோன்றும்? சிலர் காசு போடுவார்கள். சிலர், "குழந்தையைப் பிடுங்கி எங்கேயாவது ஹோம்ல சேர்க்கணும்ப்பா" என்பார்கள். அவளை என்ன செய்வது என்று யாரும் கேட்பதில்லை!

அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் உண்டு. 1993-ல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயகுமார் என்ற இரண்டு இளம் பெண்கள் சென்னையில் 'தி பேனியன்' அமைப்பைத் தொடங்கினார்கள். மனநோயோடு தெருவில் அலையும் பெண்களுக்கான இடம் அது. அதன் 'அடைக்கலம்' இல்லம் இருப்பது அம்பத்தூருக்குப் பக்கத்தில், முகப்பேரில்.

அங்கே வரும் பெண்களில் தாய்மார்களும் உண்டு. குளிக்க வைப்பது, சோறு, மருந்து... இதெல்லாம் முதல் படிதான். கொஞ்சம் தெளிந்ததும் ஒரு பெண் ஊர்ப் பெயர் சொல்வாள், பிள்ளையின் பெயர் சொல்வாள். அதைப் பிடித்துக்கொண்டுதான் குடும்பத்தைத் தேட வேண்டும். தேடிப் போனால் எல்லா வீட்டுக் கதவும் திறந்துவிடுமா என்ன? திறக்காதவர்களுக்காக 2015-ல் 'ஹோம் எகெய்ன்' திட்டம் வந்தது. நான்கைந்து பெண்கள் சாதாரணத் தெருவில் ஒரு வீட்டில் சேர்ந்து வாழலாம். சமையல், சண்டை, டிவி எல்லாம் உண்டு!

சரி, குழந்தை? 2017-ம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21-வது பிரிவு இதைப் பேசுகிறது. சிகிச்சையில் இருக்கும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது. குழந்தைக்கு ஆபத்து என்று டாக்டர் கருதினால் தற்காலிகமாகப் பிரிக்கலாம். ஆனால் அந்த முடிவை 15 நாளுக்கு ஒருமுறை மறுபடி பார்க்க வேண்டும். 30 நாளைத் தாண்டினால் மேலிடத்து அனுமதி வேண்டும். அதாவது, பிரிப்பது விதிவிலக்கு. சேர்த்து வைப்பதுதான் விதி.

மனநோய் இல்லாமல், அடி தாங்காமல் பிள்ளையோடு வீட்டை விட்டு வந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு 181 என்ற மகளிர் உதவி எண் இருக்கிறது. படுக்க இடம்? நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் வேண்டும், அது வருடம் முழுக்கத் திறந்திருக்க வேண்டும் என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2011 கணக்கெடுப்பில் அம்பத்தூரில் 4.6 லட்சத்துக்கு மேல் மக்கள், ஆவடியில் சுமார் 3.4 லட்சம். அந்தக் கணக்குப்படி அம்பத்தூருக்கு நான்கு, ஆவடிக்கு மூன்று. அதில் எத்தனை இடத்தில் ஒரு தாயும் கைக்குழந்தையும் பயமில்லாமல் தூங்கலாம்? வார்டு கவுன்சிலரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது.

காசு போடுவது தப்பில்லை. ஆனால் ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பவளுக்குத் தேவை, குழந்தையோடு சேர்த்து அவளையும் உள்ளே விடும் ஒரு கதவு. அடுத்த முறை அந்தப் படிக்கட்டில் ஏறும்போது அந்த மூன்று இலக்கம் ஞாபகம் வந்தால் போதும்.