பெரியப்பாவின் நியான் பட்டறை

தமிழில் வளைக்கச் சிரமமான எழுத்து எது என்று கேட்டால், பெரியப்பா ‘ஜ’ என்றோ ‘ஞ’ என்றோ சொல்லமாட்டார். புள்ளி என்பார். காகிதத்தில் பேனாவைத் தட்டினாலே விழுந்துவிடுகிற புள்ளியைக் கண்ணாடிக் குழாயில் கொண்டுவர, எழுத்தின் பின்னாலிருந்து குழாயை மேலே ஏற்றி, சின்னதாக ஒரு வளையம் போட்டு, மறுபடி பின்பக்கமாகவே இறக்கவேண்டும். வழியில் எங்கும் குழாய் அறுபடக்கூடாது. ஒரு முனையில் நுழைகிற மின்சாரம் எழுத்தையெல்லாம் சுற்றிக்கொண்டு மறுமுனைக்குப் போயாகவேண்டும்.

எழுபதுகளின் கடைசி. முழுப்பரீட்சை லீவு விட்டதும் அக்காவும் நானும் சிந்தாதிரிப்பேட்டைக்குப் போய்விடுவோம். பட்டறையில் ஃபேன் இருந்தும் போடமாட்டார்கள். தீ ஆடினால் வளைவு கெட்டுவிடும். மே மாத வெயிலில், பர்னர் சீறுகிற அந்த அறையில், பெரியப்பா பனியனோடு நின்று குழாயை உருட்டிக்கொண்டே இருப்பார். குழாயின் ஒரு முனையில் கார்க். மறுமுனையில் மாட்டிய ரப்பர் ட்யூப் அவர் உதட்டில். பாகுப் பதம் பார்ப்பதுபோல நிறத்தைப் பார்த்து, கண்ணாடி தொய்கிற கணத்தில் தீயிலிருந்து எடுப்பார். வளைத்து, மேஜையில் விரித்த படத்தின்மேல் வைப்பார். வளைந்த இடம் நசுங்கிப்போகும். உடனே லேசாக ஊதினால் குழாய் பழைய பருமனுக்கு வந்துவிடும். எல்லாம் சில நொடிகள்தான். அதற்குள் இறுகிவிடும்.

“பலமா ஊதக்கூடாதுடா. மூச்ச உள்ள அனுப்பு, அவ்வளவுதான்” என்பார்.

படத்தில் எழுத்துகள் இடவலம் மாறி இருக்கும். பலகையின் முகம் மேஜையைப் பார்த்துக் கிடக்க, எழுத்துக்கு எழுத்து தாவுகிற இணைப்புகளெல்லாம் மேல்நோக்கி எழும்பி நிற்கும். நிமிர்த்தினால் அவை பின்பக்கம் போய்விடும். அவற்றின்மேல் கறுப்புப் பெயின்ட் பூசுவது அக்காவின் வேலை. அப்படிப் பார்த்துப் பார்த்தே அவள் இடவலம் மாறிய எழுத்தைத் தடுக்காமல் வாசிக்கப் பழகிவிட்டாள். ஒரு ஜவுளிக்கடைக்கு ‘சில்க்ஸ்’ என்று வளைத்தபோது மூன்று புள்ளிகள் வந்தன. பெரியப்பா அன்று யாரோடும் பேசவில்லை.

வளைத்து முடித்து இரு முனையிலும் எலெக்ட்ரோடு ஒட்டியதும் எங்களை வாசலுக்கு அனுப்பிவிடுவார். அடுத்த வேலை ஆளைக் கொல்லக்கூடியது. பம்ப் வைத்துக் காற்றை உறிஞ்சிக்கொண்டே, பல ஆயிரம் வோல்ட் மின்சாரத்தைக் குழாய்க்குள் செலுத்திக் கண்ணாடியைச் சுடவைப்பார்கள். உள்ளே ஒட்டியிருக்கும் ஈரமும் அழுக்கும் அப்போதுதான் வெளியேறும். சூடு போதுமா என்று அறிய, குழாய்மேல் முன்கூட்டியே ஒரு காகிதத் துண்டு போட்டிருப்பார்கள். ஜன்னல் வழியாக நாங்கள் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருப்போம். அது பழுப்பேறியதும் நிறுத்துவார்கள். ஆறியபின் நியான் வாயு உள்ளே போகும். வெளியே இருக்கிற காற்றின் அழுத்தத்தில் நூறில் ஓரிரண்டு பங்கு அளவுக்குத்தான் விடுவார்கள். பிறகு வாயு போன சின்னக் குழாயைத் தீயில் உருக்கி மூடிவிட்டால் முடிந்தது.

சிவப்பு அந்த வாயுவின் சொந்த நிறம். கண்ணாடியில் சாயமே கிடையாது. உள்ளே எதுவும் எரிவதும் இல்லை, செலவாவதும் இல்லை. மின்சாரம் பாயும்போது அணுக்கள் கிளர்ந்து அந்த நிறத்தில் ஒளிர்கின்றன, அவ்வளவுதான். பொருளின் நான்காம் நிலையான பிளாஸ்மாவைப் பள்ளிப் பாடத்தில் படித்தபோது, சிந்தாதிரிப்பேட்டையில் தினமும் பார்த்தது அதைத்தான் என்று எனக்கு அப்படியொரு சந்தோஷம். லண்டனில் ராம்சேயும் டிராவர்ஸும் 1898-இல் இந்த வாயுவைக் கண்டுபிடித்தார்கள். காற்றில் பத்து லட்சத்தில் 18 பங்குதான் இருக்கிறது. காற்றைத் திரவமாக்கிப் பிரிக்கும் தொழிலில் இருந்த ஜார்ஜ் கிளாட், 1910 டிசம்பரில் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் நீண்ட நியான் குழாய்களை ஏற்றிக் காட்டினார். அங்கே தொடங்கிய வெளிச்சம்தான் நாங்கள் பார்த்தது.

எனக்குப் பிடித்தது நீலம். அதற்கு நியான் இல்லை, ஆர்கான் வாயுவும் ஒரு துளி பாதரசமும். ஏற்றியதும் மங்கலாக, நோஞ்சானாக ஒளிரும். பெரியப்பா குழாயைத் தூக்கி இப்படியும் அப்படியும் சாய்ப்பார். பாதரசம் எழுத்துகளுக்குள் உருண்டு ஓடும். அது ஓடிய பிறகு குழாய் முழுக்க நீலம் தெளிந்து வரும்.

இப்போது கடைகளில் நியான் என்று விற்பது பெரும்பாலும் எல்இடி பதித்த பிளாஸ்டிக் பட்டை. மலிவு, உடையாது, பாதரசமும் இல்லை. கடைக்காரர்களைக் குறை சொல்ல என்னால் முடியாது. ஆனால் மூச்சு விட்டு உருவாக்கிய எழுத்து அதில் இல்லை. ஹாங்காங்கில் தெருக்களிலிருந்து இறக்கிய நியான் பலகைகள் சிலவற்றை எம் பிளஸ் அருங்காட்சியகம் சேகரித்துப் பாதுகாக்கிறது. நம் ஊரிலும் யாராவது செய்யவேண்டும். பழைய லாட்ஜிலோ கொட்டகையிலோ கண்ணாடி எழுத்து மிச்சமிருந்தால், பக்கவாட்டில் நின்று பாருங்கள். எழுத்துகளுக்கு நடுவே கறுப்புப் பூசிய குழாய் தெரியும். அது கையால் வளைத்தது. இறக்கச் சொல்வதற்கு முன் உடைந்த துண்டை மட்டும் வெட்டி ஒட்டி, மறுபடி வாயு நிரப்பித் தருவார்களா என்று விசாரியுங்கள். பெரியப்பா அந்த ‘சில்க்ஸ்’ பலகையை அப்படித்தான் ஒரு புயலுக்குப் பிறகு திரும்ப ஏற்றிக் கொடுத்தார்.