எத்தனை கேபி போதும்?

கல்யாண சீசனில் வாட்ஸ்அப்பில் வந்து விழும் படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். பட்டுப்புடவை ஜரிகை கட்டம் கட்டமாகத் தெரியும். எல்லாம் ஜேபெக் சுருக்கத்தின் வேலை.

12 மெகாபிக்சல் படத்தைச் சுருக்காமல் வைத்தால் சுமார் 36 எம்பி. ஜேபெக் அதை நாலைந்து எம்பியில் அடக்கிவிடும். படத்தை 8×8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் பிடிபடாத நுணுக்கங்களைக் கழித்துவிடுகிறது. வெளிச்ச வேறுபாட்டை நம் கண் கூர்மையாகப் பார்க்கும்; நிற வேறுபாட்டில் அவ்வளவு கறார் கிடையாது. அதனால் நிறத் தகவலில் தாராளமாகக் கை வைக்கிறது. இந்தச் சுருக்கத்துக்கு அடிப்படையான கணக்கை 1974இல் வெளியிட்டவர்கள் நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் என்ற மூவர்.

என்னைக் கேட்டால், ஜேபெக்காகச் சேமிக்கும்போது தரம் 80–85 வைத்தால் தாராளம். 100க்கும் அதற்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். கோப்பின் அளவோ வெகுவாக இறங்கிவிடும். ரொம்பவும் குறைத்தால் வானமும் கன்னமும் திட்டுத் திட்டாகிவிடும். திரையில் மட்டும் பார்க்கப்போகிற படமென்றால், தரத்தில் கை வைக்குமுன் அகலத்தை 2000 பிக்சலுக்குக் குறையுங்கள். எழுத்து நிறைந்த ஸ்கிரீன்ஷாட்டுக்கு பிஎன்ஜிதான் சரி.

ஒரே ஜேபெக்கைத் திருத்தித் திருத்திச் சேமிக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் போகும், போனது திரும்பாது.

மூலப்படத்தைத் தனியாகப் பத்திரப்படுத்துங்கள். பிரிண்ட் போடவேண்டிய படங்களை வாட்ஸ்அப்பில் ‘டாகுமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள்.