நீர் போன வழி

செம்பட்டியில் வீட்டுக்குப் பின்னே நீச்சல் குளம் வைத்திருக்கிறோம் என்று சொல்லிக்கொள்ள எங்களுக்கே கூச்சமாக இருக்கிறது. திண்டுக்கல், வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரச் சாலைகள் வந்து கூடும் இவ்வூரில், பாறையைத் துளைத்து நூற்றுக்கணக்கான அடி இறங்கினாலும் நீர் கிடைக்கும் என்று யாரும் உறுதி கூற இயலாத மண்ணில், முப்பதாயிரம் லிட்டருக்கு மேல் தேக்கி வைப்பதை ஆடம்பரம் என்பார்கள், மறுக்க மாட்டோம். ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற எங்கள் இருவருக்கும் அதில் ஆசை இருந்ததில்லை. அயல்நாட்டில் வாழும் மகன் விரும்பினான். கோடை விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகள் நீந்தக் கற்க வேண்டும் என்றான். எங்கள் இளமையில் பிள்ளைகள் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு தோட்டக் கிணற்றில் குதித்தார்கள். இன்று அக்கிணறுகள் பலவற்றில் படிகள் மட்டுமே எஞ்சியிருக்கின்றன. ஆகவே 2022ஆம் ஆண்டில், தென்னைகளுக்கு நடுவே, 24 அடி நீளமும் 12 அடி அகலமும் சராசரி 4 அடி ஆழமுமாக அக்குளம் எழுந்தது.

மறு ஆண்டு மார்ச்சு மாதத்தில் நீர் குறையத் தொடங்கியதைக் கண்டோம். ஓட்டின்மேல் பென்சிலால் கோடிட்டுப் பார்த்தபோது, ஒரு நாளில் ஒன்றரை அங்குலம் இறங்கியிருந்தது. கேட்பதற்குச் சிறிய அளவுதான். ஆனால் அந்தப் பரப்பில் ஓர் அங்குலம் என்பது 680 லிட்டர். ஒன்றரை அங்குலத்துக்கு ஆயிரம் லிட்டருக்கும் மேல், அறுபத்தெட்டுக் குடம். தெருக்குழாயில் ஆறு குடத்துக்கு வரிசையில் நிற்கும் ஊரில் நாளொன்றுக்கு அறுபத்தெட்டுக் குடம் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. கட்டிக்கொடுத்தவரைத் தொலைபேசியில் அழைத்தோம். வெயிலில் ஆவியாகிறது, கவலை வேண்டாம் என்றார்.

எங்கள் கவலை வேறு திசையில் சென்றது. அதை எழுதத்தான் இவ்வளவு முன்னுரையும்.

தோட்டத்தைக் கவனித்துக்கொள்ளும் பெரியவர் ஒருவர் எங்களிடம் ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறார். குளத்துக்குக் கிழக்கே, வேலியோரமாக, ஒரு சிறு பாத்தியில் கனகாம்பரம் வைத்துக்கொள்ள அவருக்கு இடம் கொடுத்திருந்தோம். பூவைச் சந்தையில் விற்று வரும் சில்லறை அவர் பேத்தியின் படிப்புக்குப் போகும். அந்த மார்ச்சில் எங்கள் தென்னைகளே வாடி நிற்க, அவருடைய பாத்தி மட்டும் கார்த்திகை மாதத்துப் பயிர்போலப் பசேலென்று இருந்தது. வடிகட்டியைக் கழுவிவிடும் வால்வைத் திறந்துவிட்டு மோட்டாரை ஓடவிட்டால் குளத்து நீர் வெளிக்குழாய் வழியே தோட்டத்துக்குப் பாயும். மோட்டார் அறையின் சாவி அவரிடம் இருந்தது. கணக்கைக் கூட்டி விடையைக் கண்டுவிட்டோம் என்று நினைத்தோம். ஒரு மாலை, ஏதோ சாக்குச் சொல்லி, சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டோம். அவர் ஒன்றும் வினவவில்லை. மடியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

அறையைப் பூட்டிய பின்னும் நீர் அதே அளவில் இறங்கியது. அப்போதாவது எங்களுக்குத் தெளிந்திருக்க வேண்டும். நாங்களோ, மாற்றுச் சாவி செய்து வைத்திருப்பாரோ என்று இரவு உணவின்போது மெல்லிய குரலில் பேசிக்கொண்டோம். நாற்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்கு அறிவியலும் கணிதமும் கற்பித்தவர்கள் நாங்கள்.

பத்து நாள் கழித்து அவரே வந்து நின்றார். "டீச்சரம்மா, வெயில் குடிக்கிறது எவ்வளவு, மண்ணு குடிக்கிறது எவ்வளவுன்னு முதல்ல பிரிச்சுப் பாப்போமா?" என்றார். இளமையில் திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்தபோது, மருந்து கலக்கும் தொட்டி கசிந்தால் இப்படித்தான் பார்ப்பார்களாம். ஒரு வாளியில் குளத்து நீரையே நிரப்பி, உள்ளே ஒரு கல்லைப் போட்டு, குளத்தின் முதற்படியில் அமிழ்த்தி வைத்தார். வாளிக்குள் நீர் நிற்கும் மட்டத்தையும் வெளியே குளத்தின் மட்டத்தையும் கோடிட்டோம். இரண்டும் ஒரே வெயிலிலும் ஒரே காற்றிலும் நிற்கின்றன. ஆவியாவது இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும். மறுநாள் அதே நேரத்தில் பார்த்தோம். வாளியில் 7 மில்லிமீட்டர் குறைந்திருந்தது, குளத்தில் 38. எஞ்சிய 31 மில்லிமீட்டர், அதாவது ஏறத்தாழ 830 லிட்டர், வெயில் குடித்ததன்று.

அந்த ஒரு நாள் மோட்டாரை நிறுத்தியிருந்தோம். அடுத்த நாள் ஓடவிட்டு அளந்தோம். அதே அளவுதான். மோட்டார் ஓடும்போது இழப்பு மிகுந்தால் நீரை அழுத்தித் திருப்பியனுப்பும் குழாயில் பழுது என்று கொள்ளலாம். வேறுபாடு இல்லையெனில் குளத்தின் உடலிலோ அதில் பதித்த பொருள்களிலோ தேட வேண்டும். இதைக் கட்டிக்கொடுத்தவரிடம் சொன்னோம். அப்படியானால் ஓடுகளைப் பெயர்த்துவிட்டு முழுவதும் மறுபூச்சுப் பூச வேண்டும் என்று ஒரு பெருந்தொகையைக் கூறினார். வெடித்த தொட்டி என்றதும் எரேமியா ஆகமம் நினைவுக்கு வராமல் இராது. பாலஸ்தீனத்தில் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து, உட்புறம் சாந்து பூசி, மழைநீரைச் சேமித்தார்கள். அந்தப் பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் பாறையின் பிளவுகள் வழியே ஓராண்டுத் தண்ணீர் மறைந்துவிடும். நாங்களும் அப்படி ஒரு கீறலைக் கற்பனை செய்துகொண்டு படுத்தோம்.

பெரியவர் வேறு வழி சொன்னார். புதிதாக நீர் விடாமல், அதுவாக எதுவரை இறங்குகிறதோ இறங்கட்டும். எங்கே நிற்கிறதோ அங்கே இருக்கிறது ஓட்டை. பேரப்பிள்ளைகள் வர ஒரு மாதம்கூட இல்லாத நேரத்தில் குளத்தைக் காயவிடுவதா என்று எங்களுக்குத் தயக்கம். ஆயினும் விட்டோம்.

நாள்தோறும் அளந்து குறித்தோம். முதல் நாள் 38 மில்லிமீட்டர், பின் 36, பின் 33 என்று இழப்பே குறைந்துகொண்டு வந்தது. ஓட்டைக்கு மேல் நிற்கும் நீரின் உயரம் குறையக் குறைய அழுத்தமும் குறைகிறது. பெரிய அணைகளிலும் கசிவைப் படிக்கும் முறை இதுவே. 1895இல் பென்னிகுயிக் கட்டி முடித்த முல்லைப்பெரியாறு அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு கட்டிய கல் அணை. அத்தகைய சுவரில் நீர் சிறிதும் ஊறாதிருப்பது அரிது. 1930களில் சுவரில் துளையிட்டுச் சிமெண்டுக் குழம்பைச் செலுத்தினார்கள். 1979க்குப் பின் கான்கிரீட்டால் வலுவூட்டியபோது, ஊறும் நீரைச் சேர்த்து அளக்க 10 அடி மட்டத்திலும் 45 அடி மட்டத்திலும் சுரங்க வழிகள் அமைத்தார்கள். கசிகிறதா என்பதைவிட, இந்த நீர்மட்டத்துக்கு இந்த அளவு கசிவு முறையானதா என்பதே பொறியாளர் கேட்கும் கேள்வி. பேரணையிலிருந்து பெரியாற்றுக் கால்வாய் பிரியும் இந்த மாவட்டத்தில் வாழ்ந்தும், அந்த அணையைப் பற்றி உணர்ச்சியோடு பேசியிருக்கிறோமே தவிர, இப்படி எண்ணிப் பார்த்ததில்லை.

பதினெட்டாம் நாள் இழப்பு 7 மில்லிமீட்டராயிற்று, மறுநாளும் அவ்வளவே, வாளியிலும் அவ்வளவே. நீர் நின்றுவிட்டது. தொடக்க மட்டத்துக்கு ஒன்றேகால் அடிக்குச் சற்றுக் கீழே, கிழக்குச் சுவரில் பதித்த விளக்கின் விளிம்பை ஒட்டி நின்றது.

மின்சாரத்தை முதன்மைச் சுவிட்சிலேயே நிறுத்தி, பியூசையும் கழற்றி வைத்தோம். அது 12 வோல்ட்டு விளக்குத்தான். இருப்பினும் நீரும் மின்சாரமும் கூடும் இடத்தில் துணிச்சல் காட்டலாகாது. விளக்கு மூழ்குமளவு நான்கு அங்குலம் நீர் விட்டு, அலை அடங்கக் காத்திருந்தோம். பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். ஊசியில்லாத மருந்துக் குழலில் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தை நிரப்பிக் கொடுத்தோம். படிக்கட்டின் மூலையில் ஒரு சொட்டு விட்டார். நீலம் ஊதுவத்திப் புகைபோல அங்கேயே மிதந்தது. சுவரின் ஓரத்திலும் அப்படியே. விளக்கின் வளையத்தருகே விட்டபோதோ, அது மெலிந்து ஓர் இழையாகி, ஊசித்துளைக்குள் நூல் நுழைவதுபோல வளையத்தின் பின்னே சென்று மறைந்தது. மீண்டும் விட்டார், மீண்டும் மறைந்தது. எங்களில் ஒருவர் வாய்விட்டே கூவிவிட்டோம்.

விளக்கைக் கழற்றிப் பார்த்தோம். அதன் மின்கம்பி சுவருக்குள் ஒரு பிளாஸ்டிக் குழாய் வழியே சென்று, மண்ணுக்கடியில் ஓடி, வேலியோரத் தூணிலுள்ள இணைப்புப் பெட்டியில் ஏறுகிறது. குழாயின் வாயைக் கம்பியைச் சுற்றி அடைத்திருக்க வேண்டும், அடைக்கவில்லை. அது மட்டுமானால் நீர் வெளியேறாது. குழாயின் மறுமுனை குளத்து மட்டத்துக்கு மேலே இருப்பதால், உள்ளே ஏறிய நீர் அங்கேயே நின்றுவிடும். ஆகவே மண்ணுக்குள் வேறொரு குற்றமும் இருந்தாக வேண்டும். குழாய் போகும் வழியில் கயிறு பிடித்துப் பார்த்தோம். கயிறு நேராகக் கனகாம்பரப் பாத்தியின் மேல் சென்றது.

மண்வெட்டியை அவர்தான் எடுத்தார். இரண்டு வரிசைச் செடியைத் தம் கையாலேயே பெயர்த்து ஓரமாக வைத்துவிட்டுத் தோண்டினார். ஒன்றரை அடி ஆழத்தில் மண் களியாக இருந்தது. இரு குழாய்கள் கூடும் இடத்தில் பசை தடவாமலே செருகியிருந்தார்கள். அது நழுவி ஒரு விரல் இடைவெளி விட்டிருந்தது. குளத்து நீரின் குளோரின் மண்ணில் கலந்ததும் வலுவிழந்துவிடும். செடிகள் வேரால் பருகிச் செழித்திருக்கின்றன. அவர்மேல் நாங்கள் கொண்ட ஐயத்துக்குச் சான்றாக எதைப் பிடித்தோமோ, அந்தப் பசுமைதான் பழுது இருந்த இடத்தை முதல் நாளே காட்டிக்கொண்டு நின்றிருக்கிறது.

பசை தடவி இணைப்பைச் சேர்த்தோம். விளக்குப் பக்கத்துக் குழாய்வாயை எம்-சீல் கொண்டு அடைத்து ஒரு நாள் உலரவிட்டோம். செலவு ஐந்நூறு ரூபாயை எட்டவில்லை. குறைந்திருந்த நீரை லாரியில் வாங்கி நிரப்பினோம். மீண்டும் வாளியை வைத்தோம். வாளியில் 7, குளத்தில் 7.

அன்று மாலை அவரை நாற்காலியில் அமரச் சொல்லி, சாவியை வாங்கியதன் காரணத்தைச் சொன்னோம். சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று பிறகு ஒருவர் எங்களிடம் கூறினார்; எங்களால் இயலவில்லை. அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். "தெரியும் சார். பூட்டினது நல்லதாப் போச்சு. பூட்டின பெறவும் தண்ணி குறைஞ்சுதுல்ல, எனக்கு அதான் சாட்சி. எப்பக் கேப்பீகன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நீங்க கேக்கல. அதான் நானே வந்தேன்" என்றார்.

கசிவு நின்ற இரண்டு வாரத்தில் கனகாம்பரம் வாடத் தொடங்கியது. இப்போது மாலைதோறும் அப்பாத்திக்கு மூன்று குடம் ஊற்றுகிறோம். மோட்டார் அறைச் சாவியைப் பின்வாசல் ஆணியில், அவர் கைக்கு எட்டும் உயரத்தில், மாட்டி வைத்திருக்கிறோம். அவர் இன்றும் எங்களிடம் கேட்டுவிட்டுத்தான் எடுக்கிறார்.