தேக்குப் பலகையும் 12 வோல்ட்டும்

கார் செத்துக் கிடந்ததில் எனக்கு அவ்வளவு வருத்தமில்லை. பார்க்க வந்த சர்வீஸ் பையன், "ரொம்ப நாள் நின்னா எலெக்ட்ரிக் கார் இப்படித்தான் சார்" என்று சொல்லிவிட்டு பில் போட்டானே, அதுதான் உறுத்தியது. எங்கள் கோவிலூர் வீட்டுக் கொட்டகையில் கார் நிற்பது புதிதா என்ன? ஐயா காலத்து அம்பாசடர் அங்கே மாதக்கணக்கில் நின்றிருக்கிறது. செட்டிநாட்டில் பாதி வீடுகள் வருஷத்தில் முக்கால்வாசி நாள் பூட்டித்தான் கிடக்கின்றன. ஆள் இல்லாத வீட்டில் கார் நிற்கத்தானே செய்யும்?

மனைவியின் கண் அறுவைச் சிகிச்சைக்காகச் சென்னையில் மகன் வீட்டில் தங்கியது நீண்டுபோயிருந்தது. திரும்பி வந்து ரிமோட்டை அமுக்கினால் பதிலில்லை. ரிமோட்டுக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியை உருவிக் கதவைத் திறந்தால், உள்ளே விளக்கில்லை, திரை இல்லை, ஹாரன்கூட இல்லை. பையன் முன்பக்க பானெட்டைத் தூக்கி, தான் கொண்டுவந்த சின்ன பேட்டரியை இரண்டு ஒயரில் கோத்தான். சொடக்குப் போடும் நேரத்தில் திரை உயிர்பெற்று, பெரிய பேட்டரியில் 79 சதவீதம் இருப்பதாகக் காட்டியது. மதுரைக்குப் போய்விட்டுத் திரும்பும் அளவுக்கு மின்சாரம் வயிற்றில் இருக்கிறது, கதவைத் திறக்கத் தெம்பில்லை!

செத்தது சின்னது. பெட்ரோல் காரில் இருக்கும் அதே 12 வோல்ட் ஈய பேட்டரி பெரும்பாலான மின்சாரக் கார்களிலும் உண்டு. வண்டி நிற்கும்போது பெரிய பேட்டரியின் 300, 400 வோல்ட்டை வெளியே அலையவிட முடியாது. விபத்தில் உடல் கருகும், தண்ணீரில் நின்றால் ஆபத்து. அதனால் வண்டியை அணைத்ததும் கான்டாக்டர் எனப்படும் தடித்த ரிலேக்கள் விலகி, பெரியதைத் தனியாகப் பூட்டிவிடுகின்றன. அவற்றை மறுபடி சேர்க்கும் காந்தச் சுருளுக்குச் சின்ன பேட்டரியிலிருந்துதான் கரண்ட் வரவேண்டும். பெட்டகம் நிறைய நகையை வைத்துக்கொண்டு சாவிக்கொத்தைத் தொலைத்தவளின் நிலைதான்.

சரி, அந்தச் சின்னதிலிருந்த சார்ஜ் எங்கே போனது? 1953லிருந்து சிக்ரி என்னும் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் இது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் தூக்கிக் கொடுத்து, 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டிய சிக்ரிக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு, 'இப்படித்தான் சார்' என்பதை ஒரு பதிலாக ஏற்க முடியுமா?

எனக்கு ஐயாவின் தேக்குப் பலகை ஞாபகம் வந்தது. அவர் வெளியூர் கிளம்பும்போதெல்லாம் டிரைவர் அம்பாசடரின் பேட்டரியைக் கழற்றி, இரண்டாங்கட்டு மூலையில் கொண்டுபோய் வைப்பார். வெறும் தரையில் வைத்தால் ஐயா வீடே அதிரச் சத்தம் போடுவார். தேக்குப் பலகை போட்டு அதன்மேல்தான் வைக்க வேண்டும். ஏன் என்று சிறுவயதில் டிரைவரைக் கேட்டேன். "தரையில வச்சா பூமி சார்ஜை உறிஞ்சிரும் தம்பி" என்றார். நாளது வரை அதை நம்பவும் இல்லை, மறக்கவும் இல்லை.

காரைக்குடி செக்காலை ரோட்டுச் சந்து ஒன்றில் பழைய பேட்டரி கடை இருக்கிறது. செல்ஃப், டைனமோ வேலையும் உண்டு. கடைக்கார அண்ணனுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். ஐயாவின் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிய கடையும் இதுதான். இவர் அப்போது எடுபிடிப் பையன். என் காரின் பேட்டரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேலே மூடி இல்லை, மெயின்டனன்ஸ் இல்லாத ரகம். ஹைட்ரோமீட்டரை உள்ளே விட வழியில்லை. "தண்ணி ஊத்த வாயே வைக்காம ஒரு பேட்டரி" என்று முகத்தைச் சுளித்தார். நான் அதைத் தரையில் வைத்தேன். "பலகையில வைங்க" என்றார்.

"அண்ணே, இது பிளாஸ்டிக் டப்பா. பூமிக்கு எப்படிப் போகும்?"

"பலகையில வைங்க, சொல்றேன்."

வைத்தேன். சொல்லவில்லை. மறுநாளும் பலகை பற்றியே பேசினார். நான் விஞ்ஞானம் பேசினேன், அவர் அனுபவம் பேசினார். கடைசியில் வோல்ட் மீட்டரை எடுத்தார். கறுப்பு முனையை மைனஸில் வைத்து, சிவப்பு முனையை எந்தக் கம்பியிலும் வைக்காமல், பேட்டரியின் மேல்பரப்பில் படிந்திருந்த பிசுபிசுப்பான அழுக்கில் வைத்தார். மீட்டர் ஒன்றரை வோல்ட் காட்டியது! பிளஸிலிருந்து மைனஸுக்கு அந்த ஈர அழுக்கு வழியாகக் கரண்ட் ஊர்ந்துகொண்டிருக்கிறது. ஆப்ப சோடாவை வெந்நீரில் கரைத்து ஊற்றிக் கழுவினார். டெர்மினலில் பூத்திருந்த வெள்ளைப் பொடி நுரைத்துப் போனது. மறுபடி மீட்டரை வைத்தால் அநேகமாகப் பூஜ்யம். என்னைப் பார்த்த பார்வையில் அவர் ஜெயித்த களிப்பு இருந்தது.

ஆனால் சுத்தமான பேட்டரியைப் போட்டு நிறுத்திய கார், சில நாட்களிலேயே மறுபடி படுத்துவிட்டது.

சிக்ரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பங்காளி ஒருவர் இருக்கிறார், எனக்குச் சித்தப்பா முறை. அவரிடம் போனேன். பலகைக் கதையைக் கேட்டுச் சிரிக்கவில்லை. "அது பொய்யில்ல, பழசு" என்றார். ஆரம்ப காலத்து பேட்டரிகள் மரப்பெட்டிக்குள் தார் பூசி, அதற்குள் கண்ணாடி ஜாடி வைத்தவை. பிறகு வந்தது கெட்டி ரப்பர் டப்பா. மரம் ஊறும், ரப்பரில் நுண்துளை உண்டு, அமிலம் வெளியே வேர்க்கும். ஈரத்தரையில் வைத்தால் அந்த ஈரம் வழியாகக் கசிவு நிஜமாகவே நடந்தது. பாலிபுரோப்பிலீன் டப்பா வந்ததும் அந்தக் கசிவு நின்றது, கதை நிற்கவில்லை. அமெரிக்க மெக்கானிக்குகளும் இன்றுவரை சிமென்ட் தரையில் பேட்டரி வைக்கக் கூடாது என்று சொல்கிறார்களாம்.

இந்தப் புதிய ஞானத்தோடு வீட்டுக்கு வந்து ஆத்தாளிடம் சொன்னேன். அவர் பாக்கு வெட்டுவதை நிறுத்தாமலே, "உங்க ஐயா பேட்டரிக்காகவா பலகை போட்டாக? கல்லுக்காகப் போட்டாக" என்றார். ஒருமுறை பேட்டரியிலிருந்து ஆசிட் ஒழுகி, ஆத்தங்குடிக் கல் நுரைத்துப்போனதாம். இரண்டாங்கட்டு மூலையில் இருந்த நெற்குதிரை நகர்த்திப் பார்த்தேன். சிவப்புக் கற்களுக்கு நடுவே ஒரு கல் மட்டும் மெருகு போய், அம்மை வடு விழுந்தாற்போல் குழிந்திருந்தது. கந்தக அமிலம் சிமென்ட்டிலும் சுண்ணாம்பிலும் பட்டால் அதை அரித்து ஜிப்சமாக்கிவிடும். ஐயா பூமியைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை. கொத்தனார் கூலியைப் பற்றித்தான்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பேட்டரியிலிருந்து சார்ஜ் எப்படி ஒழுகுகிறது என்று இத்தனை நாளும் கேட்டுக்கொண்டிருந்தேன். பேட்டரி தானாக இழப்பது கொஞ்சம்தான். வெயிலில் அது கூடும். பத்து டிகிரி ஏறினால் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்றார் சித்தப்பா. அப்படியும் சில நாளில் காலியாகாது. கேட்க வேண்டிய கேள்வி வேறு: யார் எடுக்கிறார்கள்?

அண்ணனை வண்டியோடு கோவிலூருக்குக் கூட்டிவந்தேன். வர மறுத்தவர், "உங்க ஐயா வீடுங்கிறதால வர்றேன்" என்று வந்தார். மைனஸ் ஒயரைப் பிரித்து நடுவில் ஆம்பியர் மீட்டரைக் கோக்க வேண்டும். கதவு திறந்திருந்தால் மீட்டர் ஆறு, ஏழு ஆம்பியர் காட்டும், ஏனென்றால் கதவு திறந்ததும் வண்டியின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் விழித்துக்கொள்ளும். ஸ்க்ரூ டிரைவரால் கதவுப் பூட்டைத் திருப்பி, கதவு மூடியிருப்பதாக வண்டியை நம்பவைத்தார். சாவி என் சட்டைப்பையில் இருந்தாலே வண்டி அதன் வாசனை பிடித்து எழுந்துவிடுகிறது. அதனால் சாவியைக் கொற்றவாளீஸ்வரர் கோயில் வாசல் பூக்கடையில் கொடுத்துவைத்துவிட்டு வந்தோம்.

காத்திருந்தோம். ஒவ்வொரு கம்ப்யூட்டராகத் தூங்கப்போவது மீட்டரில் தெரிந்தது. இரண்டு ஆம்பியர், அரை, கால், பிறகு 0.03. முப்பது மில்லி ஆம்பியர். பூட்டு, அலாரம், கடிகாரம் எல்லாம் சேர்ந்து இவ்வளவு தின்பது நியாயம். ஒரு நாளைக்கு முக்கால் ஆம்பியர் அவர்கூட ஆகாது. 45 ஆம்பியர் அவர் பேட்டரி ஒரு மாதத்தில் பாதிதான் இறங்கும். "இதுக்கு வண்டி சாகாது தம்பி" என்றார் அண்ணன், ஏமாற்றத்தோடு. 2024இல் ஹூண்டாய் இந்தியாவில் 1,744 ஐயானிக் 5 கார்களைத் திரும்ப அழைத்தது எனக்கு நினைவுக்கு வந்தது. பெரியதிலிருந்து சின்னதுக்குச் சார்ஜ் கொடுக்கும் கருவியில் அங்கே கோளாறு. ஆனால் என் வண்டி வேறு நிறுவனத்துடையது. ஓடும்போது சின்னதுக்குப் பதினான்கு வோல்ட் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. அந்த வழியும் அடைபட்டது.

நான் மூட்டை கட்டலாம் என்றேன். அண்ணன் நாற்காலியைக் கொட்டகைக்குள் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆத்தா காபி கொடுத்தனுப்பினார். பிறகு பணியாரம். வெயில் தாழ்ந்தது. பக்கத்தில் ஆளில்லை, கதவு மூடிக் கிடக்கிறது, சாவி கோயில் வாசலில். திடீரென்று வண்டிக்குள் எங்கோ 'டிக்' என்றது. மீட்டர் மூன்று ஆம்பியருக்குத் தாவியது.

"எவன்டா அது!" என்று அண்ணன் எழுந்தார். ஃபியூஸைப் பிடுங்கிப் பார்க்கலாம் என்றேன். கையைத் தட்டிவிட்டார். பிடுங்கினால் அதற்கும் வண்டி விழிக்கும், திருடன் கூட்டத்தில் கலந்துவிடுவான். ஒவ்வொரு ஃபியூஸின் இரு முனையிலும் மில்லி வோல்ட் அளந்தார். கரண்ட் ஓடுகிற ஃபியூஸில் மட்டும் துளி வோல்ட் விழும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இறக்கி, ஒன்றில் நின்றார். மூடியிலிருந்த அட்டவணையில் அந்த எண்ணுக்கு நேரே டெலிமேட்டிக்ஸ் என்று இருந்தது. செல்போன் சிம் வைத்து வண்டியை இணையத்தோடு இணைக்கும் பெட்டி. ஏறக்குறைய கால் மணி நேரம் விழித்திருந்துவிட்டு வண்டி மறுபடி தூங்கியது.

அதற்குள் டல்லஸிலிருந்து மகள் போன் செய்தாள். அங்கே விடிந்திருந்தது. "அப்பச்சி, கார் 79 பர்சென்ட்லயே நிக்குதே, சார்ஜே போடலியா? இப்பத்தான் ஆப்ல பாத்தேன்."

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். ஊரில் தனியாக நிற்கிறதே என்ற அக்கறையில், காபி குடிக்கும்போதும் ஆபீஸ் போகும்போதும் ஆப்பைத் திறந்து காரை விசாரித்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் கார் எழுந்து உட்கார்ந்து, பெரிய பேட்டரியின் நிலையைச் சொல்லிவிட்டு, கால் மணி நேரம் கொட்டக்கொட்ட விழித்திருந்திருக்கிறது. மூன்று ஆம்பியரில் கால் மணி என்றால் முக்கால் ஆம்பியர் அவர். ஒரு நாள் முழுக்கத் தூங்கும் செலவு ஒரே விசாரிப்பில் போய்விடுகிறது. நாளைக்கு நாலு முறை திறந்தால், முழுச் சார்ஜ் ஏற்றிய பேட்டரியே இரண்டு வாரம் தாங்காது. அதுவும் முன்பே ஒருமுறை அடியோடு இறங்கிய பேட்டரி. அப்படி இறங்கும்போது தகடுகளில் ஈய சல்பேட் கெட்டிப்பட்டு, கொள்ளளவே குறைந்துவிடும். சில கார்கள் நிற்கும்போதே பெரியதிலிருந்து சின்னதுக்குத் தானாகக் கொஞ்சம் ஊட்டிக்கொள்ளும். என் கார் அந்தச் சாதியில்லை.

இந்த ஈயப் பெட்டி காருக்குள் வந்த வரலாற்றைச் சித்தப்பா சொன்னபோது எனக்குக் கோபம் முழுக்கத் தணிந்துவிட்டது. கஸ்தோன் பிளாந்தே 1859இல் கண்டுபிடித்தது ஈய பேட்டரி. 1900 வாக்கில் அமெரிக்காவில் மின்சாரக் கார்கள் அதில்தான் ஓடின. பெட்ரோல் காரைக் கிளப்பக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும், தவறினால் மணிக்கட்டு உடையும் என்பதால் மின்சாரக் காருக்கு மவுசு இருந்தது. சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய செல்ஃப் ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டு மாடல் கேடிலாக்கில் வந்தது. அதைச் சுழற்ற வைத்ததும் ஈய பேட்டரிதான். மின்சாரக் காருக்கு இருந்த பெரிய அனுகூலம் அதோடு போனது. மலிவான ஃபோர்டும் மலிவான பெட்ரோலும் மீதியைப் பார்த்துக்கொண்டன. 1950களில் பெரிய இன்ஜின்களுக்காக ஆறு வோல்ட் பன்னிரண்டானது. விளக்கு, வைப்பர், பூட்டு மோட்டார் எல்லாம் அந்த அளவுக்கே உலகமெங்கும் தயாரானதால், மின்சாரக் கார் திரும்பி வந்தபோது பன்னிரண்டு வோல்ட்டையும் கட்டிக்கொண்டே வந்தது. ஸ்டார்ட்டரே இல்லாத வண்டியில் ஸ்டார்ட்டர் பேட்டரியின் வாரிசு! டெஸ்லா 2021இல் அந்த இடத்தில் ஈயத்தை விட்டு லித்தியத்துக்கு மாறத் தொடங்கியது, 2023இல் சைபர்டிரக்கை 48 வோல்ட்டில் கொண்டுவந்தது. மற்றவர்கள் மெல்ல வருவார்கள்.

புதுப் பேட்டரி போட்டாகிவிட்டது. மகளுக்கு வாரம் ஒருமுறை மட்டும் விசாரிக்க அனுமதி. உங்கள் காரும் பூட்டிய வீட்டில் நிற்கப்போகிறதென்றால், ஆப்பை யார் யார் போனில் வைத்திருக்கிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள். டேஷ்கேமராவைப் பிடுங்கிவிட்டுப் போங்கள், சாவியைக் கார் பக்கத்தில் வைக்காதீர்கள். கையேடு அனுமதித்தால் மைனஸைக் கழற்றிவிடலாம். அதற்குமுன், கரண்ட் இல்லாமலும் பானெட்டைத் திறக்க முடியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சார்ஜரில் சொருகிவிட்டுப் போனால் போதும் என்று விற்பனைக்காரர் சொன்னால், சொருகியிருக்கும்போது சின்னதுக்கும் சார்ஜ் ஏறுமா என்று கேளுங்கள். சில வண்டிகளில் பெரியது நிறைந்ததும் எல்லாம் நின்றுவிடும்.

கார் செய்கிறவர்களிடம் எனக்கு ஒரே கோரிக்கை. பெரிய பேட்டரியின் சதவீதத்தைத் திரை நிறையக் காட்டுகிறீர்கள், பக்கத்தில் சின்னதன் வோல்ட்டையும் ஓர் எண்ணாகப் போடுங்கள். வண்டி அதை ஏற்கெனவே அளந்துகொண்டுதான் இருக்கிறது.